மூலமாதிரியும் அட்டவணையும்

அட்டவணை எழுதுதல் கணக்கர் தொழில் என்றும், புதியதொன்று கண்டறிதலே ஆராய்ச்சி என்றும் கருதுவார் நம்முட் பலர். இக்கருத்துப் பிழையென்பதே நம் துணிபு. அதனை நிறுவுதற்குச் சிறு பூச்சியொன்றையே சான்றாகக் கொள்வோம்.

கோடை நண்பகலில் மரச்செறிவினின்று இடையறாது ஒலிக்கும் சிள்வண்டை அறியாதார் யாவர்? பண்டைப் புலவர் அதனைச் சிள்வீடு என்றனர். உலகில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சிள்வண்டினங்கள் அறியப்பட்டுள்ளன. ஓரினத்துக்கு முதன்முதற் பெயரிட்டவர் எவ்வுடலைக் கண்டு பெயரிட்டாரோ அவ்வுடலே அதன் மூலமாதிரியாம். பிற்காலத்தார்க்கு ஐயம் எழுமாயின் தீர்ப்புக் கூறுவது நூலுரையன்று. ஊசியிற் கோத்துக் காட்சிச்சாலையில் வைத்த அவ்வுடலே. ஏடுகள் தம்முள் மாறுபடுமிடத்து மூலபாடத்தை நாடி வருந்தும் தமிழ் மாணவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஆசிரியன் கைப்பட எழுதிய ஏடு நமக்குக் கிடைப்பதில்லை. பூச்சிநூலார்க்கோ அப்பேறு வாய்த்துளது.

பிரான்சிஸ் வாக்கர் என்பார் லண்டன் பிரிட்டிஷ் காட்சிச்சாலையிலிருந்த இவ்வகைப் பூச்சிகளுக்கு 1850 முதலாகப் பட்டியல் வெளியிட்டார். உழைப்பிற் குறைந்தவரல்லர், எனினும் ஒரே இனத்தை வெவ்வேறிடத்துப் புதிய இனமென விளக்கிப் பல பெயர் சூட்டிவிட்டார். நூலை மட்டும் பயின்றார்க்கு அம்மயக்கம் தீர வழியில்லை. பின்வந்த டிஸ்டன்ட் என்பார் உடல்களையே ஒப்புநோக்கி, மிகைப்பெயர்களை உரிய பெயரின்கீழ் அடக்கி, 1906இல் சிள்வண்டுகளுக்கு ஓர் அட்டவணை அளித்தார். இது கணக்கர் தொழிலாமோ?

முற்காலத்தார் பலர் ஓரினத்துக்கு மூலமாகப் பல உடல்களை ஒருங்கே கொண்டனர். அவற்றுள் ஈரினம் கலந்திருத்தலும் உண்டு. ஆண்டு ஒன்றைத் தெரிந்து அதுவே மூலமெனக் குறித்தல் வேண்டும். 1999ஆம் ஆண்டுக்குப் பின் புதுப்பெயரிடுவோர் மூலமாதிரியைத் தாமே சுட்டுதல் வேண்டும் என்பது விதி. சீட்டிற் கண்ட ஊரும் நாளும், உடல் ஆணோ பெண்ணோ என்பதும், சிறகு முறிந்துளதோ என்பதும் பிழையற எழுதப்படல் வேண்டும். பாடுவது ஆண் சிள்வண்டே; பேழையிற் கிடப்பதோ அதுவும் பாடாது. அதன் பொருட்டுப் பேச வல்லது அச்சீட்டு ஒன்றே.

உடல் என்றும் நிலைக்குமென எண்ணற்க. போர்க்காலத்திற் கல்கத்தாவினின்று காசிக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் சேகரங்கள் 1943இல் வருணை நதி வெள்ளத்தாற் சேதமுற்றன. 2018இல் பிரேசில் நாட்டுத் தேசியக் காட்சிச்சாலை தீப்பற்றிப் பூச்சித்தொகுதியின் பெரும்பகுதி சாம்பராயிற்று. அத்தகைய நாளில், முன்னரே எழுதிவைத்த அட்டவணையும் எடுத்துவைத்த நிழற்படமுமே எஞ்சி உதவுவன.

இந்நாட்டுக் காடுகளிற் பாடிய சிள்வண்டுகள் பலவற்றின் மூலமாதிரிகள் லண்டனில் உள்ளன. அங்குச் செல்ல இயலாத நம் மாணவர்க்கு அவற்றால் யாது பயன் என்பாரும் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் எவ்வுடல் எங்குளது எனத் தெரியாதவன் அதனைக் காணவும் கேட்கவும் இயலாதன்றோ? செவ்விய அட்டவணை, நிழற்படத்தோடு எல்லார்க்கும் திறந்து வைக்கப்படுமாயின், கடல் கடந்த பேழையும் நம் மேசைமேல் வந்ததாகும்.

ஆதலின், அறிஞர் இப்பணியைத் தாழ்ந்ததெனத் தள்ளாது மேற்கொள்க. நிலையங்கள் இதற்குப் பொருளும் ஆளும் உதவுக. நாமும் நம் கல்லூரிப் பேழையைத் திறந்து, சீட்டற்றுக் கிடக்கும் பூச்சி ஒன்றேனும் உண்டோவென நோக்குவோமாக. உண்டாயின் நம் தொண்டு அங்கே தொடங்குக.