சுவரில் தொங்க ஒரு துப்பாக்கி

இராஜபாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பழம்பொருள் சேர்ப்பதில் அவருக்குப் பித்து. கூடத்தில் ஓடாத கடிகாரங்கள் உண்டு. பாடாத கிராமபோன் உண்டு. வாசலில், அந்த ஊருக்கே பேர் வாங்கித் தந்த ஜாதி நாய் ஒன்று, வெள்ளை வெளேரென்று நிற்கிறது. எல்லாம் இருந்தும் அவருக்கு ஒரே ஒரு குறை. சுவரில் ஒரு 'லீ என்ஃபீல்டு' துப்பாக்கி இல்லையாம்!

"த்ரீ நாட் த்ரீ, ஸார்! 1907-ம் வருஷத்து மாதிரி. பத்து ரவை பிடிக்கும். கதவுத் தாழ்ப்பாளைப் போல இழுத்துத் தள்ளினால் அடுத்த ரவை ஏறி நிற்கும். என்ன வேலைப்பாடு!" என்று கைப்பேசியில் படம் காட்டினார். "மேல்நாட்டில் வீட்டுக்கு வீடு சேர்க்கிறான். இங்கேதான் சட்டம் தடுக்கிறது. வெள்ளைக்காரன் நம்மைக் கண்டு பயந்து போட்ட தடையை நாம் ஏன் இன்னும் சுமக்க வேண்டும்?"

கேள்வி நியாயமானதுதான். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் நமக்கு உரிமச் சீட்டைக் கட்டாயமாக்கியது. வெள்ளையருக்கு விலக்கு அளித்தது. அது அவமானம், மறுக்கவில்லை. இராணுவத்து ரவை என்பதால், 1959-ம் வருஷத்து நம் சொந்தச் சட்டத்தின் கீழும் இந்த ரகம் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. ஆனால், அவமானப்படுத்தியவனின் ஆயுதத்துக்கு நடுக்கூடத்தில் மாலை போட்டால் அவமானம் தீர்ந்துவிடுமா?

அந்தத் தாழ்ப்பாளின் அழகைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 1919 ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக். ஐம்பது சிப்பாய்கள், கைகளில் இந்த 303. சுமார் பத்து நிமிஷத்தில் 1,650 ரவைகள். ஆளுக்கு 33. நண்பர் ரசிக்கிற தாழ்ப்பாளை ஒவ்வொரு சிப்பாயும் 33 முறை இழுத்துத் தள்ளியிருக்கிறான். செத்தவர்கள் 379 பேர் என்பது சர்க்கார் கணக்கு. காங்கிரஸ் விசாரணை ஆயிரத்துக்கும் மேல் என்றது. கட்டளை இட்டவன் வெள்ளையன். தாழ்ப்பாளை இழுத்த கைகளோ இந்த மண்ணைச் சுற்றியவர்களின் கைகள்! வழவழப்பான மரக்கட்டையில் இதெல்லாம் எழுதியிருப்பதில்லை. அதுதான் என் வழக்கு.

"1962-ல் நம் ஜவான்களும் இதே துப்பாக்கியோடுதானே போராடினார்கள்?" என்று மடக்கினார் நண்பர்.

ஆம். ரெசாங் லாவில், உறைபனியில், இதை வைத்துக்கொண்டே கடைசிவரை நின்று மடிந்தார்கள். எதிரே வந்தவர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொரு ரவைக்கும் தாழ்ப்பாள் இழுத்துக்கொண்டிருக்கும்படி நம் பிள்ளைகளை அனுப்பினோமே, அது துப்பாக்கியின் பெருமையா, நம் சிறுமையா? வணக்கம் ஜவானுக்கு, இரும்புக்கு அல்ல.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காரில் போனோம். கோபுரம் கண்ணில் பட்டதும் அவர் கடைசி அஸ்திரத்தை விட்டார். "இது வில்லி என்ற வேடன் கண்ட ஊர், ஸார். வேட்டை நம் இரத்தத்தில் ஊறியது!"

ஸ்தல புராணத்தை அவர் பாதியோடு நிறுத்திவிட்டார். வில்லியின் தம்பி கண்டன் வேட்டையில் புலிக்கு இரையானான். தம்பியை இழந்த வில்லி, கனவில் கண்டபடி காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் எழுப்பினான். உலகம் இந்த ஊரை அறிவது ஒரு பெண்ணின் பாசுரத்தால், வில்லால் அல்ல. ஊரை ஒட்டிய மலைக்காடோ 2021 முதல் புலிகள் காப்பகம். புலியைச் சுடுவது போய், புலியைக் காப்பது வந்துவிட்டது.

துப்பாக்கியை உருக்கிவிடச் சொல்லவில்லை. அருங்காட்சியகத்தில் வைக்கட்டும், பக்கத்தில் ஜாலியன்வாலா பாக் கணக்கையும் எழுதி வைக்கட்டும். குழந்தைகள் பார்க்கட்டும். கூடத்துச் சுவரில் தொங்கினால் கணக்கு மறைந்துபோகும். மினுக்கு மட்டும் மிஞ்சும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் ஓடுகின்றன. அங்கே நெய்வது காயத்துக்குக் கட்டும் துணி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் அந்தத் துணி, காயம் பட்டவன் எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. நண்பரே, ஊர்ப் பெருமைக்குச் சுவரில் ஏதாவது மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அதில் ஒரு முழம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுங்கள். வீட்டுக் காவலுக்கு அந்த வெள்ளை நாய் போதும்.