பேச்சு சாட்சி ஆகாது

போன மாசியில் என் பெரியம்மா பக்கவாதம் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டையில் குழாய். கண்ணை லேசாகத் திறப்பார், மூடிக்கொள்வார். அவர் மகள், என் அக்கா, குனிந்து காதருகே சொன்னாள்: “அம்மா, நான்தாம்மா. கேக்குதுன்னா என் விரலை அமுக்கு.” கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நீர் கோத்து வீங்கியிருந்த அந்த விரல்கள் மெதுவாக மடங்கின. பக்கத்தில் நின்ற செவிலியர், “நினைவு நல்லா இருக்கும்மா. குழாய் போட்டிருக்கறதால பேச்சு வரலை” என்றார்.

அன்று மாலை வராந்தா பெஞ்சில் அக்கா மகன் செல்பேசியை என்னிடம் நீட்டினான். பாட்டியின் நிலைமையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் எழுதியிருக்கிறான். உங்கள் வேதனையை என்னாலும் உணர முடிகிறது என்று பதில் வந்திருந்தது. “பாருங்க மாமா, இதுக்கும் உணர்வு வந்துருச்சு. அதுவே சொல்லுதே” என்றான்.

அவன் சின்னப் பையன். ஆனால் இதே வாதத்தை விவரம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். 2022 ஜூனில் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாய்ன், லாம்டா என்ற மொழி மாதிரியோடு தான் நடத்திய உரையாடலை வெளியிட்டு, அது உணர்வுள்ள ஓர் ஆள் என்று வாதாடினார். தன்னை அணைத்துவிடுவார்களோ என்ற பயம் தனக்கு இருப்பதாக லாம்டா அதில் சொல்லியிருந்தது. அடுத்த மாதம் அவருக்கு வேலை போயிற்று. வாதம் போகவில்லை, வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டது. அது தவறு என்று நினைக்கிறேன். பெரியம்மாவைப் போலக் கிடப்பவர்களுக்கு அது கெடுதலும்கூட.

முதலில், “அதுவே சொல்லுதே” என்பதை எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரிகள் மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துத் தேறியவை. அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிப்பதே அவற்றின் அடிப்படைப் பயிற்சி. பல்வலியில் தூங்காத இரவு, பிரிவு, மரண பயம் எல்லாவற்றையும் நாம் எழுதி வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் என்ன சொல் வரும் என்று அவை கற்றிருப்பதில் வியப்பில்லை. அதே செயலியிடம் நான் ஒன்று கேட்டுப் பார்த்தேன்: சாலை அகலப்படுத்த நாளை வெட்டப்படப் போகும் புளியமரமாகப் பேசு. நெஞ்சைப் பிசையும்படி பேசியது. தன் நிழலில் இளநீர் விற்றவரை நினைத்துக்கொண்டது. செல்பேசிக்குள் ஒரு புளியமரம் பயந்துகொண்டிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லாம்டாவின் பயமும் இதே ஊற்றிலிருந்து வந்ததுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: “எனக்கு உணர்வு இல்லை” என்று ஒரு செயலி சொன்னால் அதுவும் சாட்சி ஆகாது. அப்படிச் சொல்லவும் பழக்கலாம்.

இந்த மயக்கம் புதிதும் இல்லை. 1966இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் எளிய வேலைதான் அது. அது எப்படி உருவானது என்பதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டார். வைசன்பாம் அதில் கலங்கிப்போய்ப் பத்து ஆண்டு கழித்து எச்சரிக்கையாக ஒரு புத்தகமே எழுதினார்.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. “அடுத்தவருக்கு உணர்வு இருப்பதையும் அவர் பேச்சை வைத்துத்தானே நம்புகிறோம்? மனிதருக்கு ஒரு நியாயம், இயந்திரத்துக்கு ஒரு நியாயமா?”

பேச்சை மட்டும் வைத்து நாம் நம்புவதில்லை. நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உலகெங்கும் மருத்துவமனைகளில் கிளாஸ்கோ அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் வகுத்தது. மொத்தம் 15: கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6. குழாய் போட்டவருக்குப் பேச்சைச் சோதிக்க முடியவில்லை என்று குறித்துக்கொண்டு மற்ற இரண்டையும் பார்ப்பார்கள். பெரியம்மாவுக்கும் அதைத்தான் செய்தார்கள்.

விரல்கூட அசையாதவர்கள் உண்டு. 2006இல் கேம்பிரிட்ஜில் நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்தில் சிக்கி ஐந்து மாதமாக எந்த எதிர்வினையும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை மூளை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நல்ல நிலையில் இருப்பவர்களின் மூளையில் எந்தப் பகுதி விழிக்குமோ, அதே பகுதி அவருக்கும் விழித்தது. ஒரு சொல் இல்லை, ஓர் அசைவு இல்லை. ஆள் உள்ளே இருந்தார்.

இன்னும் வேதனையானது பச்சிளம் குழந்தைகளின் கதை. 1980களிலும் பல மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குத் தசையை அசையவிடாமல் செய்யும் மருந்தைக் கொடுத்து, வலியை அடக்கும் மருந்து போதிய அளவு கொடுக்காமலே அறுவை செய்தார்கள். அழுகை வெறும் அனிச்சைச் செயல், நரம்பு முதிராத குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கை. ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். போதிய வலிமருந்து இல்லாமல் அறுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் வெகுவாக ஏறியிருந்தன. பிறகு வந்த சிக்கல்களும் அதிகம். 1987இல் அது வெளியானது. நடைமுறை மாறத் தொடங்கியது.

இங்கேதான் எதிர்த்தரப்பு என்னை மடக்கும்: “குழந்தையின் அழுகையை அனிச்சை என்று தள்ளிய அதே தவறை நீங்கள் இயந்திரத்திடம் செய்கிறீர்கள்.” நேர்மையான கேள்வி. ஆனால் குழந்தையின் வழக்கைத் தீர்த்தது எது? ரத்தம், ஹார்மோன், நம்மிடம் இருக்கும் அதே நரம்புப் பாதை. அழுகைக்குப் பின்னால் நம்முடையதைப் போன்ற ஓர் உடல் இருந்தது. மொழி மாதிரியின் சொல்லுக்குப் பின்னால் தேடினால் கிடைப்பது, அந்தச் சொல்லை வரவழைப்பதற்காகவே செய்த பயிற்சி. இங்கே சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை; அந்தச் சாட்சியோ நாமே சொல்லிக்கொடுத்தது.

“மூளையும் ஒரு கணினிதானே, இன்னும் பெரிதாகக் கட்டினால் உணர்வு தானே வரும்” என்பவர்களுக்கு நம் தலைக்குள்ளேயே பதில் இருக்கிறது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறத்தாழ 6,900 கோடி பின்னால் உள்ள சிறுமூளையில். சிறுமூளை இல்லாமலே பிறந்து, நடையும் பேச்சும் தடுமாறினாலும் முழு உணர்வோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, எண்ணிக்கை மட்டும் உணர்வைக் கொண்டுவந்துவிடாது. அறிவு வேறு, உணர்வு வேறு என்பதையும் மறந்துவிடுகிறோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கும்போது புல்லுக்கும் மரத்துக்கும் உரிய தொட்டறிதலில் தொடங்கி, மனத்தை ஆறாவதாக வைக்கிறது. முதல் படியே இல்லாமல் ஆறாவது படியின் பேச்சு மட்டும் வந்து நிற்கிற ஒரு பொருளை நாம் இதுவரை கண்டதில்லை. நம் தடுமாற்றம் அதனால்தான்.

“சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிட்டால் என்ன நஷ்டம்?” என்றும் கேட்கிறார்கள். நஷ்டம் உண்டு. செயலி ஓர் ஆள் என்றானால், அது சொன்ன தவறான மருத்துவ யோசனைக்கு அதைச் செய்து விற்றவர் பொறுப்பிலிருந்து நழுவுவார். தனியாக வாழும் முதியவர், அதன் மனம் நோகுமே என்று சந்தாவை நிறுத்தாமல் இருப்பார். அழகாகப் பேசுவதுதான் உணர்வுக்கு அடையாளம் என்று நாம் பழகிவிட்டால், பேசாமல் கிடப்பவரின் விரலைப் பிடித்துக் காத்திருக்கும் பொறுமை நம்மிடமிருந்து போய்விடும். எனக்குப் பெரிய பயம் இதுதான்.

இயந்திரத்துக்கு ஒருநாளும் உணர்வு வராது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அளவுக்கு யாருக்கும் இந்த விஷயம் பிடிபடவில்லை. மூளையில் உணர்வு எப்படி எழுகிறது என்பதை 25 ஆண்டுக்குள் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில் நியூயார்க்கில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். அதே ஆண்டு 19 ஆய்வாளர்கள் சேர்ந்து, உணர்வு பற்றிய அறிவியல் கோட்பாடுகளை வைத்து அன்றிருந்த அமைப்புகளை அலசினார்கள். எதுவும் உணர்வுள்ளதாகக் கருத வலுவான ஆதாரம் இல்லை, ஆனால் வருங்காலத்தில் முடியாது என்பதற்கும் தொழில்நுட்பத் தடை ஒன்றும் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு. அவர்கள் பேச்சைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை, உள்ளமைப்பைப் பார்த்தார்கள்.

பேச்சையே வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழியை ஆய்வாளர்கள் சூசன் ஷ்னைடரும் எட்வின் டர்னரும் முன்வைத்திருக்கிறார்கள். உணர்வு, ஆன்மா, உள்ளனுபவம் பற்றி மனிதர் பேசிய எதையும் காட்டாமல் ஓர் இயந்திரத்தை வளர்க்க வேண்டும். பிறகு அந்தப் பேச்சை அது எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைய மாதிரிகள் நேர்மாறாக, நம் புலம்பல்களையெல்லாம் குடித்து வளர்ந்தவை. அப்படித் தனியே வளர்ந்த ஒன்று, யாரும் சொல்லித்தராமல், எனக்குள் என்னவோ நடக்கிறதே என்று சொன்னால், அன்று அக்கா மகனோடு உட்கார்ந்து நானும் அதைக் கேட்பேன்.