பழங்காரில் அசல் எது?

பழங்கார் பேணும் அன்பர்களோடு நமக்கு ஒரு வழக்குண்டு. அவ்வழக்கை இவ்விதழில் தொடுப்பதைக் கண்டு நம் தோழர் சிலரே முகஞ்சுளிக்கக்கூடும். பணம் படைத்தோரின் பொழுதுபோக்கிற்கு முற்போக்கு ஏட்டில் என்ன இடம் என்பது அவர்கள் கேள்வி. பொழுதுபோக்கு பணம் படைத்தோருடையதாகவே இருக்கட்டும். அந்தக் கார்கள் இன்றும் ஓடுவது எவருடைய உழைப்பினால் என்பதை நாம் கேளாது விட்டால் வேறெவர் கேட்பர்?

அண்மையில் யாழ்ப்பாணத்தில் நடந்த பழங்கார்க் காட்சி ஒன்றிற்கு மேல்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துச் சென்றோம். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் வரிசையாக மினுங்கி நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அட்டை. அதில் செய்த கம்பனி, செய்த ஆண்டு, உரிமையாளர் பெயர். குறிப்பேட்டுடன் வந்த நடுவர், 1953ஆம் ஆண்டு ஏ-40 ஒன்றின் பொனற்றைத் திறந்தார். எஞ்சினின் புகைபோக்கியைச் சுற்றிக் கிடந்த ஒரு செப்புக் குழாயைச் சுட்டி, "இது அசல் அன்று" என்று கூறிப் புள்ளியைக் குறைத்தார்.

அவர் கூறியது மெய்தான். இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் அக்குழாய் பூட்டப்படவில்லை. 1991இல் வலிகாமத்து ஒழுங்கையொன்றில், ஓலைக் கொட்டில் கராச்சில் பூட்டப்பட்டது. பூட்டியவர் சற்றுத் தொலைவில் வேப்பமரத்தின் கீழே எண்ணெய்த் துணியுடன் நின்றுகொண்டிருந்தார். எழுபதைக் கடந்த அம்மனிதர் நம்மோடு வந்த மாணவன் ஒருவனின் பாட்டனார். அவரிடம் நடுவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அட்டையிலும் அவர் பெயர் இல்லை.

அக்குழாய் ஏன் வந்தது? 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடபுலத்தின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. கள்ளமாக வந்த பெற்றோலின் விலை சாதாரண மக்களின் கைக்கு எட்டவில்லை. மண்ணெண்ணெயோ அருமையாயினும் கிடைத்தது. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை; குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. ஆகவே சிறு போத்தலில் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை எழுப்புவர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். காபரேற்றருக்குப் போகுமுன் அந்த எண்ணெயைச் சூடாக்குதற்கே நம் பெரியவர் செப்புக் குழாயைப் புகைபோக்கியில் சுற்றினார்.

வேலை அத்தோடு முடியவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் தட்டும். பொறி விழும் நேரத்தைப் பின்தள்ள வேண்டும். எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளில் கரி படியும். நாள்தோறும் கழற்றிச் சுரண்ட வேண்டும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்களே இவ்வளவையும் தாங்கின. அதனாலேயே அவை அந்நாளில் புதிய கார்களைவிட மதிப்புப் பெற்றன. பிரசவ வேதனையில் துடித்த பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றவை அவை. 1995 ஒக்ரோபர் 30 இரவில் குடாநாட்டு மக்கள் ஊரைவிட்டு நடந்தபோது, நடக்கமாட்டாத முதியோரைச் சுமந்து ஊர்ந்தவற்றுள்ளும் இவை இருந்தன. இந்த வரலாறு முழுவதும் அந்த ஒரு முழச் செப்பில் இருக்கிறது. அதற்குத்தான் புள்ளி குறைந்தது.

அசல், அசல் என்று ஓயாது பேசுகிறார்களே, அந்த அசல்தான் எது? மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இஸ்ஸிகோனிஸ் வகுத்த அக்கார் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் காட்சியில் வெளிவந்தபோது அதன் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர். 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே கம்பனியாக இணைந்தன; இணைந்ததும் மொறிஸின் உடலுக்குள் ஒஸ்ரினின் 803 வந்து குந்தியது. பின்னர் 1956இல் 948, 1962இல் 1098. இலாபக் கணக்கை முன்னிட்டு முதலாளி இதயத்தையே மாற்றினால் அது 'புதிய வகை'. உயிர் காக்க எம்மூர்த் தொழிலாளி ஒரு குழாயைச் சுற்றினால் அது 'கலப்படம்'! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

தமிழ் படித்தோர்க்கு இவ்வழக்கு புதியதன்று. செல்லரித்த ஏடுகளை ஊரூராய்த் தேடிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏடு பேணும் அத்தொழிலில் வளர்ந்த ஒழுங்கு ஒன்றுண்டு. நல்ல பதிப்பாசிரியன் தனக்குப் பிடித்த பாடத்தை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை அழிப்பதில்லை. பாடபேதங்களையும் அடியிற் குறிக்கிறான். ஏடு எழுதியவன் தன் பெயரையும் காலத்தையும் இறுதியில் எழுதிவைத்திருந்தால் அதனையும் போற்றுகிறான். காரைப் புதுப்பிப்போரோ முன்னிருந்த கைகளின் தடயத்தைச் சுரண்டியெறிந்து, மேலே புதுமை மினுங்கும் பூச்சை அடித்து, அதற்குப் பழைமை என்று பெயர் சூட்டுகின்றனர்.

இது நமது வீம்பு அன்று. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமே ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், புதுப்பித்தலைவிடப் பேணுதலுக்கே முதலிடம் தருகிறது. செய்யும் வேலைகளைப் பதிவுசெய்யவும் சொல்கிறது. மேனாட்டிலிருந்து தொப்பியையும் கைக்குட்டையையும் இறக்குமதி செய்யும் நம் அன்பர்கள் இதனையும் ஒருமுறை வாசித்திருக்கலாம்.

கியூபாவைப் பாருங்கள். 1960இல் தொடங்கிய அமெரிக்க வர்த்தகத் தடைக்குப் பின்னர், அந்நாட்டு மக்கள் 1950களின் அமெரிக்கக் கார்களுக்குச் சோவியத் எஞ்சின்களைப் பொருத்தி ஓட்டினர். ஹவானாவில் அதனை உலகம் வியக்கிறது. வலிகாமத்தில் நாமே புள்ளி குறைக்கிறோம். இன்னொன்றும் உண்டு. 1990களில் தென்னிலங்கைத் தொழிலாளர் தட்டி உருவாக்கிய மொறிஸ் மைனர் உடற்பாகங்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. ஆங்கிலேயர் தம் இளமைக்காலத்தை எண்ணிப் பெருமூச்செறியும் கார்களிற் சில, சிங்களத் தொழிலாளியின் சுத்தியலால் நிமிர்ந்தவை. சுத்தியலுக்கு வடக்கும் தெற்கும் இல்லை. பெயர் எழுதப்படாமையும் இரு பக்கத்திற்கும் பொதுவே.

இக்கார்கள் நம் நாட்டில் தங்கியதும் காதலால் அன்று, கதியின்மையால். 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும், 1970 முதல் 1977 வரை நிலவிய இறுக்கமான இறக்குமதிக் கட்டுப்பாடும் பழையதைத் திருத்தி ஓட்டும்படி செய்தன. உதிரிப்பாகம் இல்லையெனில் கடைச்சற் பட்டறையில் கடைந்தனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு அடைபட்டிருந்தபோது, கோழி அடைந்துகிடந்த வண்டிகளுக்கும் விலை ஏறியது. அவ்விலையில் திருத்தியவன் பங்கு எத்தனை?

கராச்சுகளின் நிலையையும் சொல்லவேண்டும். பழைய பிறேக் பட்டைகளில் கல்நார் உண்டு. அதன் தூளைக் காற்றால் ஊதி வெளியேற்றுகிறார்கள். தகரத்தின் பொருத்துகளில் ஈயம் உண்டு. அதனைச் சுரண்டும் பையனுக்கு முகமூடி இல்லை, வர்ணம் விசிறுபவனுக்கும் இல்லை. படிப்பை இடைநிறுத்திய மாணவர் சிலரை நாம் தேடிப்போனது இத்தகைய இடங்களுக்கே. "வேலை பழகுகிறான்" என்று கூறிப் பஸ்காசை மட்டும் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பழகியும் அவனுக்கு ஒரு சான்றிதழ் இல்லை.

எல்லா அன்பர்களையும் ஒரே தராசில் நாம் நிறுக்கவில்லை. தந்தையின் வாடகைக்காரைச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துத் தாமே திருத்தும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் அவர்களிடையே உளர். மெக்கானிக்கைத் தோளோடு தோள் சேர்த்து நிற்பவரும் உளர். அவர்களிடமே நாம் கேட்கிறோம். அடுத்த காட்சியில் அட்டையின் நான்காம் வரியாகத் திருத்தியவர் பெயரை எழுதுங்கள். கழற்றிய பாகத்தை எறியாது, எப்போது, ஏன், எவர் பூட்டினார் என்று குறித்து வண்டியோடு வையுங்கள். பையன்களுக்கு முகமூடியும் முறையான கூலியும் கொடாத கராச்சிலிருந்து வந்த வண்டிக்குப் புள்ளி குறையுங்கள். நடுவர் வரிசையில் ஒரு மெக்கானிக்கும் நிற்கட்டும். தொழில்நுட்பக் கல்லூரிகள் இந்த முதியவர்களை அழைத்து, அவர் கைப்பழக்கத்தை எழுத்தில் கொணரட்டும். அவர்களிற் பலர் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள்.

காட்சி முடிந்த மறுவாரம் அந்த ஏ-40இன் உரிமையாளர் குழாயைக் கழற்றுவித்தார். புள்ளி பெறும் ஆசை. கழற்றியவரும் அதே பெரியவர்தான். கூலி வாங்கிக்கொண்டு, குழாயைப் பழைய பிஸ்கற் பேணிக்குள் போட்டுவைத்திருந்தார். நாம் மாணவரோடு சென்று கேட்டபோது, "இதை வைச்சு என்ன செய்யப் போறியள், மாஸ்ரர்?" என்று சிரித்தார். அதன் நீளத்தையும் சுற்றுக்களையும் அளந்து, அவர் சொல்லச் சொல்லப் பேரனே எழுதிக்கொண்டான். குழாயின் பெயர் என்ன என்று அவன் கேட்டதற்கு, அதற்குப் பெயர் வைக்க அப்போது நேரம் இருக்கவில்லை என்றார்.