‘வைன் ஸ்டோர்ஸ்’ பலகையும் வசந்தகாலக் கள்ளும்

இலங்கைத் தெருக்களில் நாம் நாள்தோறும் காணும் பெயர்ப்பலகைகளுள் மிகப் பொய்யானது எது என்று யாரேனும் கேட்டால், ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்பதே என்று தயங்காமற் சொல்வேன். தெகிவளையைக் கடந்து, கல்கிசையைக் கடந்து, காலி வீதி வழியே இரத்மலானைக்கு வரும் ஒருவர் அந்தப் பலகையைப் பலமுறை பார்த்திருப்பார். அதன் கீழே வைன் வாங்க நிற்பவரைக் காண்பதுதான் அரிது. இரும்புக் கம்பிவலைக்கு அப்பால் அடுக்கடுக்காகச் சாராயம். இப்பால் வரிசையில் ஆண்கள். கம்பிகளின் இடைவெளியூடாகக் காசு உள்ளே போகும், போத்தல் வெளியே வரும். சில வேளைகளில் அது பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றப்பட்டு வரும். ஆயுளின் பெரும்பகுதியைப் பத்திரிகையிற் கழித்த எனக்கு அதில் ஒரு பெருமையுண்டு. ஆசிரியத் தலையங்கம் வாசிக்கப்படாவிட்டாலும் வீணாவதில்லை.

அந்தக் கடைக்குப் பருவகாலம் கிடையாது. தையிலும் அதே போத்தல், ஆடியிலும் அதே போத்தல். உணவு கிடையாது. உட்கார ஓர் இருக்கை கிடையாது. வாங்கியதை ஒளித்துக்கொண்டு விரைந்து வீடு போய்ச் சேர்வதற்காகவே அமைக்கப்பட்ட கடை அது. குடியை வெட்கத்துக்குரிய அவசரக் காரியமாக்கியதில் அந்தக் கம்பிவலைக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் வாசகர்களுக்கு வேறொரு வைன் கடை பழக்கமாயிருக்கும். பங்குனி பிறந்ததும் அக்கடையின் கரும்பலகையில் வசந்தகால வரவுகள் எழுதப்படும். குளிர்காலத்தின் கனத்த செவ்வைன் பின்னுக்குப் போக, மென்சிவப்பு ரோசேயும் இளம் வெள்ளை வைனும் முன்னுக்கு வரும். குளிர் முடியும் வேளையில் ஆடுகள் குட்டி ஈன்று புதுப்புல் மேய்வதால், ஆட்டுப்பாற் சீஸ் வசந்தத்திலேயே சிறக்கும்; கடைக்காரர் அதைத் துண்டாக நறுக்கி ருசி பார்க்கத் தருவார். அஸ்பராகஸ் தண்டு வரும் சில வாரங்களுக்குள் அதனோடு எந்த வைன் பொருந்தும் என்று பாடமும் நடத்துவார். கார்த்திகையிலோ பொஜொலே நூவோ என்னும் புதுவைன், நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழனன்று வெளிவரும். அந்த நாளை ஒரு சிறு திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் இதை வெறும் குடியாக விட்டுவைக்கவில்லை. றொக்ஃபோர்ட் சீஸின் பெயரை 1925 இலேயே சட்டத்தாற் காத்தனர். எந்த மண்ணின் வைன் எந்தப் பெயரைத் தாங்கலாம் என்பதை வரையறுக்க 1935 இல் தனி நிறுவனமே அமைத்தனர். வைனும் சீஸும் தமக்குரிய இடத்தில் வரும் பிரெஞ்சு விருந்து முறையை 2010 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இவற்றையெல்லாம் நான் குறைகூற வரவில்லை. நல்ல சமூகம் தன் மண்ணின் விளைச்சலை இப்படித்தான் போற்றும். என் கேள்வி வேறு. அங்கே ‘மண்ணின் மணம்’ என்று நாக்கைச் சப்புக்கொட்டி எழுதும் நம்மவர், ‘கள்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பது ஏன்? ஆட்டுப்பாற் சீஸின் வீச்சத்தை நாகரிகம் என்று அறிந்துகொண்ட மூக்கு, பனங்கள்ளின் புளிப்பில் மட்டும் சேரியை மோப்பம் பிடிப்பது ஏன்?

நம்மிடம் பருவகாலம் இல்லையா? பனையைப் போலப் பஞ்சாங்கத்தைக் கடைப்பிடிக்கும் மரம் உலகில் எத்தனை உண்டு? தையில் கிழங்கு பிடுங்குவோம். அதைப் பிளந்து மாசி, பங்குனி வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அதே மாதங்களிற் பாளை தள்ளும், சீவத் தொடங்குவர். சித்திரையும் வைகாசியும் நுங்குக் காலம். ஆடி, ஆவணியிற் பழம் விழும். பிசைந்து பாயிற் பரப்பி வெயிலிட்டால் பனாட்டு. பாளையிலிருந்து சொட்டும் நீர் முட்டிக்குட் சுண்ணாம்பு பூசியிருந்தால் கருப்பநீர், காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பில்லாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் வாழும் நொதிகள் தாமாகவே வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். காலையில் இறக்கியது இனிக்கும், மாலையில் உறைக்கும், மறுநாள் புளித்துக் காடியாகத் தொடங்கும். ஒரே மரத்தின் கள், ஒரே நாளில் மூன்று சுவை. போர்தோவின் எந்தப் போத்தலுக்கு இந்தப் பேறு உண்டு?

உணவுப் பொருத்தம் தேடுவோருக்கும் குறையில்லை. நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் சேர்த்துப் புளியும் செத்தல் மிளகாயும் கரைத்துக் காய்ச்சிய ஒடியற்கூழை, பனையோலைப் பிளாவிற் குடிப்பதே வழக்கம். கள்ளுக்கும் அதே பிளாதான். கூழின் உறைப்பும் கள்ளின் புளிப்பும் ஒன்றையொன்று தேடுவதை அறிய எந்த வைன் நிபுணரும் வரவேண்டியதில்லை. பாற்பொருளும் வேண்டுமென்றால் மட்டக்களப்பு எருமைத் தயிர் இருக்கிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத அந்தத் தயிர்மீது பனம்பாணியை ஊற்றித் தின்றவருக்கு சீஸ் தட்டு பெரிய அதிசயமன்று.

பனை வடக்கின் மரம், கொழும்பில் அதற்கென்ன வேலை என்று கேட்கலாம். இரத்மலானையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர் போனால் வாதுவை. அங்கிருந்து களுத்துறை வரை தென்னை மரங்களின் தலையிலிருந்து தலைக்குக் கயிறு கட்டி, அந்தரத்தில் நடந்து கள் சேர்க்கும் சிங்களத் தொழிலாளரைக் காணலாம். அந்தக் கள்ளிற் பெரும்பகுதி வடிசாலைக்குப் போய்ச் சாராயமாகித் திரும்பி வந்து, நம் கம்பிவலைக்குப் பின்னால் அமர்கிறது. சென்ற சித்திரையில் எங்கள் ஊர்க் கடைப் பையனிடம் கள் உண்டா என்று கேட்டேன். “ரா நே, மாத்தயா” என்று சிரித்தான். கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். கூப்பிடு தூரத்துக் கள் கிடையாது. ஆறாயிரம் மைல் கடந்து வந்த விஸ்கி உண்டு.

இந்த நிலை தானாக வந்ததன்று. ஆங்கிலேயர் காலத்திற் சாராயக் குத்தகை அரசுக்கு வருமானம் தந்தது. குத்தகைக்காரருக்கு மாளிகை தந்தது. நம் அயலூர்களான மொறட்டுவை, பாணந்துறைக் குடும்பங்கள் சில அந்தக் குத்தகையால் எவ்வாறு பெருமுதலாளிகளாயின என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாக எழுதியுள்ளார். 1912 இன் மதுவரிக் கட்டளைச் சட்டம் சீவுதலையும் விற்றலையும் அனுமதிப் பத்திரத்துள் அடக்கியது. போத்தலில் அடைத்த சாராயத்தை எண்ணலாம், முத்திரை ஒட்டலாம், வரி அறவிடலாம். மாலைக்குட் குடித்துத் தீர்க்கவேண்டிய கள்ளை எந்த அதிகாரி எண்ணிக்கொண்டிருப்பார்? எண்ண வசதியானதை அரசு வளர்த்தது. வசதியற்றதைத் தவறணையின் மூலைக்குத் தள்ளியது.

ஆனால் அரசை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் கள் இழிந்ததாகக் கருதப்பட்டதற்குக் காரணம் அதிலுள்ள மது அன்று. அதை இறக்கியவனின் சாதி. அவன் இறக்கிய கள்ளை வளவின் பின்புறத்தில் வாங்கிக் குடித்த கனவான், அவனைக் கோயிலின் வாசலுக்குள் விடவில்லை. தேநீர்க் கடையிற் சமமாக அமர விடவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எதற்காக நடந்தது என்பதை மறந்துவிட்டோமா? ‘கள்ளுக் குடிக்கிறவன்’ என்பது நம் வசைமொழி. ‘விஸ்கி குடிக்கிறவர்’ என்பதோ ஏறக்குறைய ஒரு பட்டம். முன்னது ஒருமை, பின்னது மரியாதைப் பன்மை. நம் இலக்கணத்துக்குள்ளேயே சாதி குந்தியிருக்கிறது.

இங்கே சிலர் திருக்குறளோடு எழுந்து நிற்பார்கள். கள்ளுண்ணாமை 93 ஆம் அதிகாரம், அறிவேன், மதிக்கிறேன். ஆனால் 26 ஆம் அதிகாரம் புலால் மறுத்தல் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சிக் கறியோடு உண்டு முடித்து, மாலையில் ஸ்கொட்ச் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கள்ளுக்கு மட்டும் வள்ளுவரைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. புலாலும் மதுவும் தொடாத ஒருவர் அந்த அதிகாரத்தை எடுத்துக் கூறினால் தலைவணங்கிக் கேட்பேன். அப்படிப்பட்டவர் எனக்கு எழுதும் கடிதங்கள் மிகக் குறைவு.

மரபைப் பேசுவதானால் முழு மரபையும் பேசவேண்டும். யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்திற் பருகிய பாண்டியனைப் புறநானூறு பாடுகிறது. சிறிதளவே கள் கிடைத்தால் அதை ஒளவைக்கே கொடுத்துவிடும் அதியமானையும் அதே நூல் பாடுகிறது. வெளிநாட்டு வைனும் உள்ளூர்க் கள்ளும் ஒரே நூலுக்குள் பகையின்றி இருந்தன. அந்தக் கள்ளைப் பற்றி எழுத ஒளவை வெட்கப்படவுமில்லை.

இன்னொரு எதிர்வாதம் உண்டு. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. குடி குடும்பங்களை அழிக்கிறது. போருக்குப் பிந்திய வடக்கிற் கணவனின் குடியால் அடிபடும் பெண்களுக்கு இக்கட்டுரை கொடுமையாகத் தோன்றலாம். அவர்கள் பக்கம் நின்றே கேட்கிறேன்: அந்த வீடுகளை அழிப்பது நூற்றுக்கு ஐந்தளவு மதுவுள்ள கள்ளா, மூன்றிலொரு பங்கு மதுவுள்ள சாராயமா, என்ன கலந்தது என்றே தெரியாத கசிப்பா? 2024 இல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிகளின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது, அதில் வட மாகாணமும் இருந்தது. அந்தப் பத்திரங்களுக்காக முண்டியடித்தவர் எவரும் பனையேறியல்லர்.

கள்ளை மூடினாற் குடி ஒழியும் என்பாருக்குத் தமிழ்நாடு பதிலாக நிற்கிறது. பனை அங்கே மாநில மரம். 1987 முதல் அங்கே கள்ளுக்குத் தடை. ஆனால் 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை திறந்து பிராந்தியும் ரம்மும் விற்கிறது. மரத்தைச் சின்னமாக்கி, மரமேறியைக் குற்றவாளியாக்கி, ஆலை முதலாளியின் சரக்கை அரசே விற்கும் கொள்கைக்கு மதுவிலக்கு என்று பெயர் வைக்க எந்த அகராதியும் இடந்தராது. அண்டையிலுள்ள கேரளத்திலோ கள்ளுக்கடை என்பது சாப்பாட்டுக் கடையும்தான். கப்பையும் மீன்கறியும் தேடிக் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு.

பெண்கள் என்றேன். நம் வைன் ஸ்டோர்ஸ் யாருடைய இடம் என்பதற்குச் சட்டமே சான்று. பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979 ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் செய்தார். பெண் வந்து நிற்க முடியாத கடை, உணவில்லாத கடை, அமர்ந்து பேச முடியாத கடை வெறியைத்தான் விற்கும்; சுவையை விற்காது.

நான் கேட்பது பெரிதன்று. 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. பங்குனி முதல் ஆடி வரை, உணவோடு சேர்த்து அன்றன்றைய கள்ளை விற்கும் சிறு கடைகளுக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் எளிய அனுமதி கொடுங்கள். தென்னைக் கள் இறக்கும் வாதுவைத் தொழிலாளிக்கும் அதே உரிமையைக் கொடுங்கள். மது வேண்டாதவருக்குக் கருப்பநீரும் நுங்கும் இருக்கட்டும். வெள்ளவத்தை உணவகக்காரர்கள் வைகாசியில் ஒடியற்கூழைப் பலகையில் எழுதிப் போடட்டும். அதற்கு எந்த அனுமதிப் பத்திரமும் வேண்டியதில்லை; கொஞ்சம் வெட்கம் விட்டால் போதும்.

காலம் அதிகமில்லை. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாகப் போன பனைகள் போக, மிஞ்சியவற்றில் ஏற ஆளில்லை. தளைநாரும் பாளைக்கத்தியும் கொண்டு நாளுக்கிருமுறை உயிரைப் பணயம் வைத்த தகப்பன், தன் மகனை ஏறவிடுவதில்லை. அவனை நான் குறைகூற மாட்டேன். தலைமுறை தலைமுறையாக நாம் கொடுத்த கூலி அவமதிப்பு. எந்தப் பாளையை எந்த நாளில் தட்டுவது, எத்தனை மெல்லிதாகச் சீவுவது என்ற அறிவு எந்த நூலிலும் முழுதாக இல்லை. அது முதிர்ந்த கைகளில் இருக்கிறது, அக்கைகளோடு போய்விடும்.

புலம்பெயர்ந்த நண்பர்களே, அடுத்த வசந்தத்தில் ரோசேயைத் திறந்து, ஆட்டுப்பாற் சீஸை நறுக்கி, படமெடுத்து அனுப்புங்கள், மகிழ்ச்சியோடு பார்ப்பேன். ஊருக்கு விடுமுறையில் வரும்போது மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். விமான நிலையக் கடையில் வாங்கிய விஸ்கியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில் தவறணைக்குப் போய், அந்தக் கள்ளை இறக்கியவரோடு ஒரே வாங்கில் அமர்ந்து ஒரு பிளா குடியுங்கள். குடிப்பழக்கம் இல்லாதவராயின் கருப்பநீர் வாங்குங்கள். விலையைப் பேரம் பேசாமற் கொடுங்கள். அவரை ‘நீர்’ என்றோ ‘நீ’ என்றோ அழையாமல் ‘நீங்கள்’ என்று அழையுங்கள்.