மேசைக்கடியில் ஓர் அடுப்பு

வெள்ளவத்தையில் வசிக்கும் நமது தமையனார் சென்ற மாதம் ஓரிரவு தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பிள்ளையின்ர கணினி செத்துப்போச்சு. நாளைக்கு ஒருக்கால் வந்து பார்" என்றார். பெறாமகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. ஆய்வறிக்கையை ஒப்படைக்க ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன. கணினியோ, இயக்கிய இருபதாம் நிமிடத்தில் சொல்லாமற் கொள்ளாமல் அணைந்துவிடும். சற்று நேரம் ஆறவிட்டால் மீண்டும் உயிர்க்கும். பழுதுபார்க்க வந்த ஒருவர் தாய்ப்பலகையையே மாற்றவேண்டும் என்று கூறி, தமையனாரின் ஒரு மாத ஓய்வூதியத்தை முழுதாக விழுங்கக்கூடிய தொகையொன்றையும் சொல்லிச் சென்றிருந்தார்.

ஆறவிட்டால் உயிர்க்கும் என்பதிலேயே நோயின் பெயர் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. கணினியின் மூளையாகிய செயலி, நம் கைவிரல் நகத்தளவான ஒரு சிலிக்கன் துண்டு. சாதாரண வீட்டுக் கணினியில் அது முழு வேலையில் இருக்கும்போது 65 வாற்று அளவான வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய 60 வாற்று மின்குமிழை எரியும்போது தொட்டுப் பார்த்தவர்கள், அந்தச் சூட்டை ஒரு நகத்தின் பரப்பில் ஒடுக்கினால் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். செயலியின் சூடு ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த பென்ரியம் 4 செயலியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அப்படியும் சூடு தணியாவிட்டால் கணினி தன்னை அணைத்துக்கொள்கிறது. தமையனார் மரணம் என்று கண்டது உண்மையில் ஒரு தற்காப்பேயாகும்.

மறுநாட் காலை நாம் சென்று பார்த்தபோது, கணினிப் பெட்டி மேசைக்கடியில், கதவுள்ள ஒரு சிற்றறையினுள்ளே, பின்புறம் சுவரோடு ஒட்ட வைக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, தூசி படியாதிருக்க வேண்டுமென்று அண்ணியார் தம் கையாற் பூவேலை செய்த துணியொன்று பெட்டியின் தலையில் தொடங்கி முன்வாயில் வரை தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி பின்னால் கக்கிய சூடான வளி போவதற்கு வழியின்றி அதே அறையினுட் சுழன்று, முன்வாயிலால் மறுபடியும் உள்ளே சென்றுகொண்டிருந்தது. வளியாற் குளிரும் கணினி எதுவும், அது உள்ளிழுக்கும் வளியைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. குளிர்நாடொன்றில் 20 பாகை அறையில் 75 பாகையோடு இயங்கும் கணினி, கொழும்பின் 31 பாகை அறையில் 86 பாகையை எட்டும். அடைபட்ட சிற்றறையின் வெப்பநிலையோ அதற்கும் மேலே.

இத்தகைய வேளையிற் பலர் முதலிற் செய்வது புதிய விசிறி வாங்குவதாகும். நாம் அவ்வாறு செய்வதில்லை. சூடு பெட்டியில் தேங்குகிறதா, அல்லது செயலியின் தலையிலேயே தேங்குகிறதா என்பதை அறிய, காசு செலவில்லாத சோதனையொன்று உண்டு. வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருளொன்றைத் திறந்து வைத்து, கணினிக்கு ஒரே வேலையை இருமுறை கொடுக்கவேண்டும். முதன்முறை எல்லாம் இருந்தபடியே, மறுமுறை பெட்டியை வெளியே எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு. சூடு பெரிதும் இறங்கினால் குற்றம் வளியோட்டத்தினது. இறங்காவிட்டால் செயலியின் மேலுள்ள குளிர்த்தகடுகளையே சந்தேகிக்கவேண்டும். தமையனார் வீட்டில் 97 பாகை, 84 ஆயிற்று. பதின்மூன்று பாகை இறங்கியது பெரிது. ஆயினும் திறந்த பெட்டியில் 84 என்பதும் அதிகமே. ஆகக் குற்றவாளிகள் இருவர்.

முதலாமவரைப் பிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. பெட்டியின் முன்னும் பின்னும் ஒவ்வொரு விசிறி இருந்தது. அவற்றின் முன்னே மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்துப் பார்த்தோம். இரண்டுமே அதனை அப்பால் தள்ளின! முன்விசிறியை யாரோ தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள். வெளியேற்ற இருவர், உள்ளே அழைக்க ஒருவருமில்லை. அதனால் வளி, இடுக்குகள் வழியே தூசியையும் சுமந்துகொண்டு திருட்டுத்தனமாக நுழைந்திருக்கிறது. விசிறியில் நடுமோட்டரைத் தாங்கும் சட்டங்கள் எப்பக்கமோ அப்பக்கமாகவே காற்று வெளிப்படும் என்பதை நினைவிற் கொண்டால் இத்தவறு நேராது. முன்னால் உள்ளே, பின்னால் வெளியே. நான்கு திருகாணிகளைக் கழற்றி விசிறியைத் திருப்பிப் பூட்டினோம், அவ்வளவுதான்.

இரண்டாமவர் ஒளிந்திருந்தார். செயலியின் மேலுள்ள விசிறி வெளிப்பார்வைக்குத் துப்புரவாகவே தோன்றியது. அதனை அகற்றியபோது, அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் மேலே தூசி, கம்பளி போலப் படிந்து கிடந்தது. கடற்கரையோர ஈரக்காற்றில் தூசி இப்படித்தான் இறுகும். அன்றியும், குளிர்த்தகட்டைப் பலகையோடு இறுக்கும் நான்கு பிளாஸ்ரிக் ஊசிகளில் ஒன்று தன் துளையில் முழுதாக அமரவில்லை. ஒரு மூலை தூக்கி நிற்க, இடையிலிருந்த வெப்பப் பசை காய்ந்து வெடித்திருந்தது. பழைய பசையை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைத்து, பயற்றம் மணியளவு புதுப்பசையை நடுவில் இட்டு, ஊசிகளை எதிரெதிர் மூலையாக அழுத்தினோம். பசை அதிகமானால் குளிர்ச்சி அதிகமாகும் என்று எண்ணி அதைப் பாணுக்கு வெண்ணெய் பூசுவது போலத் தடித்துப் பூசுவோர் உண்டு. உலோகங்களுக்கிடையேயுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதே அதன் வேலை. அதற்கு மேல் அது ஒரு தடையே.

வீட்டில் இதனைச் செய்ய விரும்பும் மாணவர்கள் சிலவற்றைக் கட்டாயம் பேணவேண்டும். மின்செருகியைக் கழற்றிய பின் கணினியின் ஆளியைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கவேண்டும். தூசியை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்ளவேண்டும். காய்ந்த பசை ஒட்டிப் பிடித்திருந்தால் குளிர்த்தகட்டை நேரே இழுக்கலாகாது. மெல்லத் திருகியே எடுக்கவேண்டும். இன்றேல், சில ஏ.எம்.டி. கணினிகளிற் செயலியே ஊசிக்கால்களோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மின்வழங்கிப் பெட்டியைமட்டும் ஒருபோதும் திறக்கவே கூடாது. செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை எதிரே வைக்கும் வழக்கமும் நம்மவரிடையே உண்டு. நாளை பரீட்சை, இன்றிரவு மட்டும் ஓடினாற் போதும் என்றால் அப்படிச் செய்யலாம், நாமும் செய்திருக்கிறோம். நிரந்தரமாக அவ்வாறு விட்டால் தூசியோடு பல்லியும் குடிபுகும்.

பெட்டியை மூடி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேசையின் மேலே வைத்து அதே வேலையைக் கொடுத்தோம். 63 பாகை. பெறாமகள் ஒரு மணி நேரம் திரையை நம்பாமற் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சித்தப்பா, அப்ப தாய்ப்பலகை?" என்று கேட்டாள். அதற்கு ஒரு குறையுமில்லை என்றோம். பசைக்குழாய் ஒன்றின் விலையோடு காரியம் முடிந்தது. ஆய்வறிக்கை இரண்டு நாள் முந்தியே ஒப்படைக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

அண்ணியார்தான், தோய்த்து உலர்த்திய பூவேலைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அதனை எங்கே போடுவதென்று அறியாமல் நின்றார். இப்போது அது தையல் இயந்திரத்தின் மேலே கிடக்கிறது.