ஆறு கொடிகளின் இலச்சினை
கேளிக்கைப் பூங்காத் தொடர் ஒன்றின் இலச்சினை, அதாவது கண்ட மாத்திரத்தில் நிறுவனத்தை நினைவூட்டும் சின்னம், வெறும் அலங்காரமன்று என்பதற்கு அமெரிக்காவின் 'சிக்ஸ் ஃபிளாக்ஸ்' தக்க சான்றாகும். 1961இல் டெக்சஸின் ஆர்லிங்டனில் திறக்கப்பட்ட அதன் முதல் பூங்கா, அம்மண்ணை ஆண்ட ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சஸ் குடியரசு, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பு, அமெரிக்கா ஆகிய ஆறின் கொடிகளால் பெயர் பெற்றது. இலச்சினையிலோ நாட்டுக் குறி ஏதுமின்றி, காற்றில் நெளியும் வண்ணத் துணிகளாக மட்டுமே அவை நிற்கின்றன; இந்த எளிமையே அதன் வலிமை. ஆயினும் பூங்காவின் கம்பத்தில் கூட்டமைப்பின் கொடி 2017 வரை பறந்தது. அவ்வாண்டு வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர் நடத்திய பேரணியில் வெடித்த வன்முறைக்குப் பின்னரே ஆறு கம்பங்களிலும் அமெரிக்கக் கொடி ஏறியது. குழந்தைகள் வந்து மகிழும் இடத்தில் அக்கொடியை அத்தனை காலம் விட்டுவைத்தது பெருந்தவறு.