ரொட்டிக்குக் காவல்

ரிப்பன், கர்சன், மவுண்ட்பேட்டன் என்று பாடப்புத்தகத்தில் படித்த பெயர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு 'லார்ட்' நிற்கும். கேட்டாலே கிரீடமும் குதிரையும் கண்முன் வரும். ஆனால் அந்தப் பட்டத்தின் பூர்விகம் அடுப்படி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃபோர்ட்'. அதற்கும் மூத்த வடிவம் 'ஹ்லாஃப்வெயார்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதுதான். வெயார்ட் என்றால் காவலர். வீட்டு ரொட்டியைக் காத்துப் பங்கிட்டவரே தலைவர். முதலில் ஹகரம் போனது, பிறகு நடுவிலிருந்த ஃபகரம் வகரமாகத் தேய்ந்து அதுவும் மறைந்தது. மிஞ்சியது ஓரசைச் சொல்.

'லேடி'யும் அந்த வீட்டுக்காரிதான். பழைய வடிவம் 'ஹ்லாஃப்டீயெ'. பின்பாதிக்கு மாவு பிசைபவள் என்று பொருள் சொல்கிறார்கள் மொழியறிஞர்கள். பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்தது. ஆகஸ்ட் 1 அன்று புது அறுவடைக் கோதுமையில் சுட்ட ரொட்டியைத் தேவாலயத்துக்கு எடுத்துப்போன 'லாம்மஸ்' திருநாளின் பெயரிலும் ஒளிந்திருப்பது அந்த ஹ்லாஃப்தான்.

காப்பவர், பிசைபவள் இருவரோடு வீடு முடிந்துவிடுமா? உண்பவர் வேண்டாமா? அவருக்கும் ஒரு சொல் இருந்தது: 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி உண்பவர். ஒருவர் வீட்டுச் சோற்றை உண்டு அவருக்கு உழைத்த ஆள். கென்ட் பகுதியை ஆண்ட எதெல்பெர்ட் மன்னர் கி.பி. 600-ஐ ஒட்டி இயற்றிய சட்டத்தில் இந்தச் சொல் வருகிறது. ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம் அதுதான். சாதாரணக் குடியானவனின் ரொட்டி உண்பவரைக் கொன்றால் 6 ஷில்லிங் கட்ட வேண்டும். சுதந்திர மனிதனைக் கொன்றால் 100. அரசர் வீட்டில் மாவு அரைக்கும் அடிமைப் பெண்ணும் அந்தச் சட்டத்தில் இருக்கிறாள். அவளை ஒருவன் கூடினால் 25 ஷில்லிங். அரைத்தவள் அவள், பட்டமோ பிசைந்தவளுக்கு. அதுகூடப் பிற்காலத்தில் கை நனைக்காத சீமாட்டிகளிடம் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

லார்டும் லேடியும் இன்றும் செல்வாக்கோடு வாழ்கின்றன. உழைத்து உண்டவரின் பெயர்தான் வழக்கொழிந்துவிட்டது. வீட்டில் ஆங்கில அகராதி இருந்தால் பொருளோடு நிறுத்தாமல் சொற்பிறப்புக் குறிப்பையும் படியுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.